பிள்ளை மடுவத்தின் அரைக்கதவு

நள்ளிரவு கடந்து, பதுளைக்குப் போகும் தபால் ரயில் எங்கள் மலைக்குக் கீழே ஊதிக்கொண்டு போகும். தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அந்தச் சத்தத்தில் தூங்கிப் பழகியவள் பாப்பா. அன்றைக்கு மட்டும் விருட்டென்று எழுந்து உட்கார்ந்துகொண்டாள். "அம்மாயி, ரயிலை நிற்கச் சொல்லுங்கள். யானைக்குட்டி படுத்திருக்கிறது" என்று அழுதாள். என் அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இலங்கை மலையகத்தின் கொட்டகலைப் பக்கம் யானை ஏது? கெட்ட கனவு என்று நினைத்துத் திருநீறு பூசி, மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்திருக்கிறார். மறுநாள் இரவும் அதே நேரம், அதே அழுகை.

பாப்பா என் தங்கையின் மகள். ஆறு வயது, தரம் ஒன்று. தங்கை வெளிநாட்டில் வீட்டு வேலை செய்கிறாள். பிள்ளை எங்கள் அம்மாவோடு, நாங்கள் பிறந்து வளர்ந்த அதே லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், வளர்கிறாள். நான் சற்றுத் தள்ளியுள்ள தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. சனிக்கிழமை காலையில் பஸ் பிடித்தால் பதினொரு மணிக்குள் லயத்துக்குப் போய்விடுவேன். அந்த வாரம் போனபோதுதான் அம்மா இதைச் சொன்னார். எனக்கு உடனே கைத்தொலைபேசி நினைவுக்கு வந்தது.

பாப்பாவுக்கு இன்னும் எழுத்துக் கூட்டி எழுத வராது. ஆனால் ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டு, வாயால் சொல்லித் தேடத் தெரியும். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. "யானைக்குட்டி" என்று சொல்லியிருக்கிறாள். பார்த்தவற்றின் பட்டியல் தொலைபேசியில் அப்படியே இருந்தது. நான் வாசல்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். முதலாவது, பின்னவலையில் யானைகள் ஆற்றில் குளிப்பது. அடுத்தது, குட்டி ஒன்று புட்டியில் பால் குடிப்பது. மூன்றாவது, சேற்றில் சிக்கிய குட்டியை ஊர்மக்கள் கயிறு கட்டி மீட்பது. நான்காவதில் ஒரு ரயில் பாதை. தண்டவாளத்தின் ஓரத்தில் அடிபட்ட யானைகள். எழ முயன்று முடியாமல் விழும் குட்டி ஒன்று. பின்னணியில் யாரோ சிங்களத்தில் கடவுளைக் கூப்பிடுகிறார். ஒன்று முடிந்ததும் இன்னொன்று தானாகவே ஓடும்படி தொலைபேசி அமைந்திருந்தது. ஆகவே அவள் எதையும் தொடக்கூட இல்லை. யானைக்குட்டி கேட்டாள்; யானைக்குட்டிதான் வந்தது.

2025 பெப்ரவரியில் ஹபரணைக்கு அருகே, மட்டக்களப்புப் பாதையில் ரயிலொன்று யானைக் கூட்டத்தில் மோதி ஆறு யானைகள் இறந்ததை நம் நாட்டில் எல்லோரும் அறிவோம். அப்படிப்பட்ட காட்சிகளைப் பெரியவர்கள் பார்க்கத்தான் வேண்டும். பார்த்தால்தான் ரயில்களின் வேகத்தைப் பற்றியும் யானைகளின் வழித்தடங்களைப் பற்றியும் பேசுவோம். அந்தக் காணொளியை எடுத்தவர் மீதோ பதிவேற்றியவர் மீதோ எனக்குக் கோபம் இல்லை. அது ஆறு வயதுப் பிள்ளையின் மடியில், அவள் தனியாக இருந்த நேரத்தில், எவருடைய கையும் படாமல் வந்து விழுந்ததே என்பதுதான் என் வயிற்றைப் பிசைந்தது.

முதலில் அம்மாவிடம்தான் கத்தினேன். அது அநியாயம். அறுபத்தேழு வயதில் அடுப்பில் விறகு தள்ளிக்கொண்டு, கோழியைக் கூட்டில் அடைத்துக்கொண்டு, தண்ணீர் பிடித்துக்கொண்டு இருப்பவருக்கு, பிள்ளை அரை மணி நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும். அந்தத் தொலைபேசியின் பட்டியல்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அம்மாவுக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அவர் என்ன செய்ய முடியும்? மன்னிப்புக் கேட்டேன். பிறகு, நான் செய்யக்கூடியது என்ன என்று தேடத் தொடங்கினேன். இந்தக் கட்டுரை அந்தத் தேடலில் பிறந்தது.

சிறுவர்களுக்கான பாதுகாப்பான உலாவி, அதாவது இணையப் பக்கங்களைத் திறக்கும் செயலி, என்று தேடினால் நிறையச் செயலிகள் வருகின்றன. நிறம் நிறமான கரடியும் முயலும் முகப்பில் நிற்கும். அவற்றில் ஒன்றை நிறுவினேன். ஆங்கில அரிச்சுவடிப் பாட்டு இருந்தது, டைனோசர் இருந்தது, பனிமனிதன் இருந்தான். தமிழில் "யானை" என்று தேடினேன். வெற்றுத்திரை வந்தது. பாப்பா இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "இதில் யாருக்கும் பேச வரவில்லை" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இன்னொரு செயலி நன்றாக இருப்பதுபோல் தோன்றியது. பத்தாவது நிமிடத்தில் பணம் கட்டி ஆடும் சூதாட்ட விளம்பரம் ஒன்று திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு வந்தது. சிறுவர் பாதுகாப்பு என்று பெயர் வைத்துக்கொண்டு இதைக் காட்டுகிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. உடனே நீக்கினேன். இலவசமாகக் கிடைக்கும் எந்தச் சிறுவர் செயலியையும், பிள்ளை கையில் கொடுக்கும் முன் இருபது நிமிடமாவது நாமே உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அன்று மாலை திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது எதிரே பழைய பிள்ளை மடுவம் தெரிந்தது. இப்போது அதற்குப் புது வர்ணம் பூசி, சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். எங்கள் வாயில் இன்றும் அது மடுவம்தான். விடியலில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பதியும் இடத்துக்கு, போகும் அம்மாமார், கைப்பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு மலைக்கு ஏறுவார்கள். உத்தரத்திலிருந்து சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். நானும் தங்கையும் அந்தத் தொட்டில்களில் கிடந்தவர்கள்தான். மடுவத்துக்கு அரைக்கதவு ஒன்று இருந்தது. தவழும் பிள்ளை தாண்ட முடியாத உயரம். ஆனால் மேல்பாதி திறந்தே இருக்கும். அதன் வழியாகப் பிள்ளை மலையைப் பார்க்கலாம். மலையில் நிற்கும் அம்மா மடுவத்தின் வாசலைப் பார்க்கலாம். உள்ளே ஆயம்மா இருப்பார். எந்தப் பிள்ளை எந்தப் பாட்டுக்குத் தூங்கும், எது இடிக்கு அழும், எது பசிக்கு அழும் என்று அவருக்குத் தெரியும்.

சிறுவர் உலாவி என்பதைப் பற்றி வாசிக்க வாசிக்க, இந்த மடுவம்தான் என் மனத்தில் வந்து வந்து நின்றது. அந்தக் கதவுகளைச் செய்கிறவர்கள் உலகில் நிறையப் பேர். கெட்டிக்காரத்தனமாகவும் செய்கிறார்கள். ஆனால் கதவுகளின் வகைகளை அறிந்துகொள்ளாமல் எதையும் நம்பக் கூடாது.

முதல் வகை, தளத்தின் பெயரை மட்டும் பார்த்துத் தடுப்பது. உலாவி ஒரு தளத்தைத் திறக்கும் முன், அந்தப் பெயருக்குரிய எண் முகவரி என்ன என்று பெயர்ச் சேவையகம் (டி.என்.எஸ்.) ஒன்றிடம் கேட்கும். ஆபாசத் தளம் ஒன்றின் பெயரைக் கேட்டால் பதில் சொல்லாமல் விட்டுவிடும் சேவையகங்கள் இருக்கின்றன. கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020 ஏப்ரல் 1 அன்று குடும்பங்களுக்கென்று அப்படியொன்றை இலவசமாகத் திறந்தது. அதன் எண் 1.1.1.3. ஆண்ட்ராய்டு 9ஆம் பதிப்பிலிருந்து தொலைபேசி அமைப்புகளில் 'தனிப்பட்ட டி.என்.எஸ்.' என்றொரு இடம் உண்டு. அங்கே இத்தகைய சேவையகத்தின் பெயரை ஒருமுறை எழுதிவிட்டால், அந்தத் தொலைபேசியின் உலாவிகளுக்குப் பெரும்பாலும் அது பொருந்தும். ஐந்து நிமிட வேலை. நான் செய்துவிட்டேன், நீங்களும் செய்யுங்கள்.

ஆனால் அது யானைக்குட்டியைத் தடுத்திருக்காது. ஏன் என்று மலையகத்துக்காரர்களுக்கு எளிதாகச் சொல்ல முடியும். நம் லயங்களுக்கு வீட்டிலக்கமோ வீதிப்பெயரோ கிடையாது. கடிதம் தோட்டத்தின் பெயரில் தோட்ட அலுவலகத்துக்கு வரும். எந்தத் தோட்டம் என்று தபால் நிலையத்துக்குத் தெரியும், லயத்தில் எந்தக் காம்பரா, அதாவது எந்த அறைவீடு, என்று தெரியாது. பெயரைப் பார்க்கும் வடிகட்டியும் அப்படித்தான். காணொளித் தளத்தின் பெயர் அதற்குத் தெரியும். அந்தத் தளத்துக்குள் பாப்பா பார்ப்பது குளிக்கும் யானையையா, சாகும் யானையையா என்று அதற்குத் தெரியாது. ஒன்று, தளம் முழுவதையும் மூட வேண்டும்; அல்லது முழுவதையும் திறந்துவிட வேண்டும். இதோடு, ஆபாசம் என்ற ஒன்றைத் தேடிப் பிடிக்கவே அதைச் செய்திருக்கிறார்கள். அந்த ரயில் காட்சி ஆபாசம் அல்ல. செய்தி.

இரண்டாவது வகை, சொற்களைப் பார்த்துத் தடுப்பது. இதன் பழைய கதை ஒன்று கணினித் துறையில் எல்லோருக்கும் தெரியும். 1996இல் இங்கிலாந்தின் ஸ்கந்தோர்ப் நகரத்தார் ஒரு பெரிய இணைய நிறுவனத்தில் கணக்குத் தொடங்க முடியாமல் தவித்தார்கள். அவர்களுடைய ஊர்ப்பெயரின் நடுவில் ஆங்கிலக் கெட்டவார்த்தை ஒன்றின் எழுத்துகள் தற்செயலாக அமைந்திருந்தன. இயந்திரம் ஊரையே தகாததென்று எண்ணிவிட்டது. நம் மொழியில் இந்தச் சிக்கல் இன்னும் ஆழமானது. வன்முறையைத் தடுக்க 'கொல்' என்ற எழுத்துத் தொடரைத் தடுக்கச் சொல்லிப் பாருங்கள். கொல்லன் போய்விடுவார். கொல்லைப்புறம் போய்விடும். பழந்தமிழ்ப் பாட்டில் ஐயத்தைக் காட்டும் இடைச்சொல்லான 'கொல்' போய்விடும். சரி, முழுச்சொல்லை மட்டும் பார்க்கச் சொன்னாலோ, தமிழ் வினைச்சொல் ஒரே வடிவத்தில் நிற்பதில்லை. கொன்றான், கொன்றுவிட்டார்கள், கொல்லப்பட்டது, கொலைவெறி என்று கிளைத்துக்கொண்டே போகும். வசவுகளும் அப்படியே. அவற்றைப் பாதிப் பேர் ஆங்கில எழுத்தில், ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்த வடிகட்டிக்கு இவை வெறும் எழுத்துக் குவியல்.

பாப்பாவின் விடயத்தில் இதுவும் பயனில்லை என்பதைக் கவனியுங்கள். 'யானை', 'குட்டி', 'ரயில்'. இவற்றில் எது கெட்ட சொல்?

மூன்றாவது வகையைத்தான் நான் உண்மையில் மதிக்கிறேன். எதைத் தடுப்பது என்று ஓடாமல், எதைத் திறப்பது என்று யோசிப்பது. மனிதர்கள் உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து, இது பிள்ளைக்கு உகந்தது என்று பட்டியலில் சேர்ப்பார்கள். பட்டியலில் இல்லாதது திறக்காது. இது புதிய யோசனை அல்ல. இணையம் தவழ்ந்துகொண்டிருந்த 1996இலேயே யாஹூ நிறுவனம் சிறுவர்களுக்கென்று 'யாஹூலிகன்ஸ்' என்ற கைத்தேர்வுப் பட்டியலைத் தொடங்கியது. ஜேர்மனியில் 1997இல் 'பிளிண்டே கூ' என்ற சிறுவர் தேடுபொறி வந்தது. நம் கண்ணாமூச்சியைப் போன்ற விளையாட்டின் பெயர் அது. 2007இல் அதே நாட்டில் 'ஃபிராக்ஃபின்' வந்தது. ஊடகக் கல்வியாளர்கள் பார்த்துத் தேர்ந்த பக்கங்கள் மட்டும் அங்கே பிள்ளைகளுக்குக் கிடைக்கும். எல்லாம் ஜேர்மன் மொழியில்.

இன்னொன்று என் மனத்தைத் தொட்டது. ஜோன் லெசியூர் என்ற மென்பொருள் தொழில் செய்பவர், ஆட்டிசம் உள்ள தன் பேரன் கணினி முன் உட்கார்ந்து தடுமாறுவதையும் ஆத்திரப்படுவதையும் பார்த்து, அந்தப் பிள்ளைக்கென்றே ஓர் உலாவியைச் செய்தார். தேவையற்ற பொத்தான்களை எடுத்தார். அவனைக் குழப்பும் வழிகளை அடைத்தார். பெரிய படங்களை வைத்தார். 'ஸாக்' என்று அவன் பெயரையே அதற்குச் சூட்டி, 2008 வாக்கில் உலகுக்கு இலவசமாகக் கொடுத்தார். ஒரு தாத்தா தன் பேரனைப் பக்கத்தில் இருந்து பார்த்ததால் விளைந்த பொருள் அது. பிள்ளை யார் என்று தெரிந்த ஆள் கதவைச் செய்தால் அப்படி இருக்கும்.

அப்படியானால் தமிழ்ப் பிள்ளைக்கு? எந்தப் பட்டியலைத் திறந்தாலும் தமிழுக்கென்று கையளவுகூட இல்லை. ஆங்கிலத்தில் பல ஆயிரம் பக்கங்கள் கொண்ட சுற்றுமதிலுக்குள் எங்கள் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டால், அங்கே அவளுக்கு ஆபத்து இல்லைதான். பேச்சுத்துணையும் இல்லை. ஆயம்மா இல்லாத மடுவத்தில் கதவை மட்டும் பூட்டிவிட்டுப் போவது போன்றது அது. சும்மா கிடக்கும் பிள்ளை என்ன செய்யும்? ஏறிக் குதிக்கும். பாப்பா பழைய செயலிக்கே திரும்பிப் போனதற்குக் காரணம் அங்கே தமிழ் இருந்ததுதான். இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் எனக்குப் போதாது: எங்கள் பிள்ளைகள் தகாத இடத்துக்குப் போவது கெட்ட ஆசையால் அல்ல. தங்கள் மொழி கேட்கும் திசைக்குப் போகிறார்கள்.

இந்தச் செயலிகளைச் செய்தவர்கள் எந்த வீட்டை மனத்தில் நினைத்துச் செய்தார்கள் என்பதும் அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறக்கும்போது புரிந்தது. பெற்றோருக்கு ஒரு தொலைபேசி, பிள்ளைக்கு ஒரு தொலைபேசி என்றே எல்லாம் தொடங்குகிறது. எங்கள் லயத்தில் ஒரே தொலைபேசியில் அம்மா பேசுவார், தம்பி கிரிக்கெட் பார்ப்பான், பக்கத்துக் காம்பரா அக்கா அவசரத்துக்கு வாங்கிப் பேசுவார், பாப்பா யானை பார்ப்பாள். அது எவருடைய தொலைபேசி? சிறுவர் கணக்கு என்று அமைத்தால் தம்பிக்குப் பூட்டு. பெரியவர் கணக்கு என்றால் பாப்பாவுக்குத் திறப்பு. ஒரு நிறுவனத்தின் குடும்பக் கணக்கு விதிகளில், குடும்பத்தார் எல்லோரும் ஒரே நாட்டில் வாழ வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அதைத் தங்கைக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். சற்று நேரம் அவள் பேசவில்லை. பிறகு, "அப்படியென்றால் நான் குடும்பம் இல்லையா, அக்கா?" என்று கேட்டாள். மலையகத்தில் எத்தனை வீடுகளில் அம்மா வெளிநாட்டிலும், அப்பா கொழும்பிலும், பிள்ளை அம்மாயியிடமும் இருக்கிறார்கள் என்று அந்த வரியை எழுதியவருக்கு யார் போய்ச் சொல்வது?

"தொலைபேசியே கொடுக்காதீர்கள்" என்று என் சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். அவுஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கே கூடாதென்று 2024இல் சட்டம் செய்துவிட்டார்கள் என்றும் எடுத்துக்காட்டினார். அந்தச் சட்டத்தில் எனக்குப் பகை இல்லை. ஆனால் எங்கள் மலைகளில் கதை வேறு. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, அதுவரை தொலைபேசி வேண்டாம் என்றிருந்த வீடுகளும் கடன் வாங்கி ஒன்று வாங்கின. சிக்னல் தேடிப் பிள்ளைகள் பாறை மேல் ஏறி உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். பெருந்தொற்று போய்விட்டது, வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வரும் வழக்கம் போகவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பாப்பாவின் அம்மா இருப்பது அந்தச் சிறிய திரைக்குள்ளேதான். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு அவள் முகம் கழுவி, பொட்டு வைத்து, தொலைபேசியைச் சுவரில் சாய்த்துவைத்துக்கொண்டு அம்மாவுக்காகக் காத்திருப்பதைப் பார்த்தவர்கள், அதைப் பிடுங்கி வை என்று சொல்ல மாட்டார்கள்.

ஆகவே பிடுங்காமல் என்ன செய்யலாம் என்று பார்த்தேன். காணொளிகள் தானாக அடுத்தடுத்து ஓடுவதை முதலில் நிறுத்தினேன். எல்லாவற்றையும்விட அதிகப் பயன் தந்தது இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். பிறகு, ஒரு செயலியை மட்டும் திரையில் நிறுத்திவைக்கும் வசதியை அம்மாவுக்குப் பழக்கினேன். பல ஆண்ட்ராய்டு தொலைபேசிகளில் இது உண்டு. 2014இல் வந்த 5ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. அமைப்புகளில் பாதுகாப்புப் பகுதியில் தேடிப் பார்க்க வேண்டும். ஒருமுறை நிறுத்திவிட்டால், வெளியேற எண் கேட்கும்படி அமைத்துக்கொள்ளலாம். அம்மா அந்த எண்ணாகத் தன் பழைய பேர்நம்பரை, தோட்டப் பதிவில் தன் பெயருக்குரிய எண்ணை, வைத்திருக்கிறார். கொழுந்து நிறுக்கும்போது நாற்பது ஆண்டுகள் சொல்லிச் சொல்லிப் பழகிய எண், மறக்காது. ஒரே தொலைபேசியை ஐந்து பேர் பயன்படுத்தும் வீட்டுக்கு ஏற்ற வழி இது. பாப்பாவின் நேரம் முடிந்ததும் எண்ணைப் போட்டால் தம்பியின் தொலைபேசி ஆகிவிடும்.

அடுத்து, உள்ளே எதை வைப்பது? பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிறைய இருக்கின்றன. எவரும் இலவசமாகத் தரவிறக்கலாம், அச்சிடலாம், மொழிபெயர்த்துச் சேர்க்கலாம். வாசிப்பு நிலை வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். முதல் நிலைக் கதைகளில் இருபதைப் பாடசாலைக்கு அருகே நல்ல சிக்னல் உள்ள இடத்தில் தரவிறக்கி, தொலைபேசியில் போட்டேன். இனி டேட்டாவை அணைத்துவைத்தாலும் அவை திறக்கும். ரீலோட் போட்ட காசும் மிச்சம். தமிழகத்துச் சொற்கள் சில வரும். நாங்கள் பேசும் விதத்தில் நான் சொல்லிக்கொடுத்துவிடுகிறேன்.

பெரிய பிள்ளைகளுக்காகப் பாடசாலைக் கணினியில் 'கிவிக்ஸ்' நிறுவினேன். இணையம் இல்லாமலே விக்கிப்பீடியாவைத் திறந்து வாசிக்க உதவும் இலவச மென்பொருள் அது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை ஒரே கோப்பாகக் கொண்டுவந்து வைத்துவிடலாம். அதில் எல்லாம் சிறுவருக்கென்று எழுதப்பட்டவை அல்ல. ஐந்தாம் தரத்துப் பிள்ளை தடுமாறும் நடைதான். ஆனாலும் விளம்பரம் கிடையாது, அடுத்தது தானாக ஓடாது, கேட்டது மட்டும் வரும். சிவனொளிபாதமலை பற்றித் தேடிய ஒரு பையன் அங்கிருந்து மகாவலி ஆற்றுக்குப் போய், அங்கிருந்து திருகோணமலைக்குப் போய்ச் சேர்ந்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கு அத்தனை மகிழ்ச்சி. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களும், 2005இலிருந்து ஈழத்து எழுத்துகளைச் சேர்த்துவரும் நூலகத் தளத்திலிருந்து சில பழைய சிறுவர் இதழ்களும் அதே கணினியில் இப்போது இருக்கின்றன.

இது போதாது என்று தெரியும். இருபது கதை எத்தனை நாளுக்குத் தாங்கும்? ஆகவே என் சக ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களிடம் வெளிப்படையாகக் கேட்கிறேன். ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, எட்டியாந்தோட்டை, எங்கிருந்தாலும் சரி. உங்கள் பிள்ளைகள் விரும்பிப் பார்த்த, நீங்கள் கடைசி வரை பார்த்துத் தகுதியென்று கண்ட தமிழ்ப் பக்கங்கள், கதைகள், காணொளிகளில் பத்தை மட்டும் எழுதி வையுங்கள். எந்தத் தரத்துக்கு, எந்த இடத்தில் பிள்ளை என்ன கேள்வி கேட்டது என்றும் ஒரு வரி எழுதுங்கள். ஜேர்மனியில் செய்தது இதைத்தான். அதற்குப் பெரிய மென்பொருள் அறிவு தேவையில்லை. பிள்ளையை அறிந்தவர்கள் தேவை, அவர்கள் நாம்தான். மென்பொருள் தெரிந்த நம் பிள்ளைகள் இன்று கொழும்பிலும் கடல் கடந்தும் நிறையப் பேர் இருக்கிறார்கள். பட்டியல் ஒன்று கையில் இருந்தால், அதை மட்டும் திறக்கும் உலாவியை அவர்கள் ஒரு விடுமுறையில் செய்து தந்துவிடுவார்கள். பட்டியல் இல்லாமல் அவர்களைக் கேட்டு என்ன பயன்?

ஒன்றைச் சொல்ல மறக்கக் கூடாது. நான் சொன்னது தற்செயலாக வந்து விழும் காட்சிகளைப் பற்றி. தெரியாத ஆள் பிள்ளையோடு பேச்சுக் கொடுக்கிறான், படம் அனுப்பக் கேட்கிறான் என்றால் அது வேறு. அங்கே எந்த மென்பொருளையும் தேடிக்கொண்டிருக்காமல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

பாப்பாவின் இரவுகள் உடனே சரியாகிவிடவில்லை. இரண்டு வாரம் கழித்து அவளைத் தண்டவாளத்தின் ஓரம், பாதுகாப்பான தூரத்தில், கூட்டிக்கொண்டு போனேன். பகல் ரயில் வளைவில் மெல்ல ஏறி வந்தது. அம்மா இன்னும் அதைக் 'கோச்சி' என்றுதான் சொல்வார். கண்ணாடி வழியாக வெள்ளைக்காரப் பிள்ளைகள் கையசைத்தார்கள். "நமது பாதையில் யானை வராதா?" என்று கேட்டாள். வராது என்றேன். "ஏன்?"

இங்கேதான் நான் தடுமாறினேன். இந்த மலைகளிலும் யானைகள் இருந்தன. காடு அழித்துக் கோப்பி நட்ட காலத்தில் வெள்ளைக்காரர்கள் அவற்றைச் சுட்டுத் தள்ளினார்கள். மேஜர் ரோஜர்ஸ் என்பவர் மட்டும் 1,400க்கும் அதிகமான யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்துப்போனார். கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளையின் கேள்விக்கு உண்மையான பதில், அவள் பார்த்த காட்சியைவிடப் பெரிய கொடுமை. மறைக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "முன்பு இருந்தன. ஒருவர் பிழையாக நடந்துகொண்டார். மிச்சமிருந்தவை கீழ்நாட்டுக்குப் போய்விட்டன" என்றேன். "அவரை யாரும் ஏசவில்லையா?" என்றாள். அந்தக் காலத்தில் ஏசவில்லை, இப்போது நாம் ஏசுகிறோம் என்றேன். சற்று யோசித்துவிட்டுச் சரி என்றாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கேள்விதான். அந்தக் குட்டி செத்துவிட்டதா என்றும் கேட்டாள். தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னேன்.

போன சனிக்கிழமை அம்மா தொலைபேசியில் ஒரு கதையை நிறுத்திக் கொடுத்துவிட்டு, கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் கொப்பிகள் திருத்திக்கொண்டிருந்தேன். கதையின் முகப்பில் யானை ஒன்று நின்றது. பாப்பா அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பெரியம்மா, இந்த யானை தண்டவாளத்துக்குப் போகுமா?"

"இந்தக் கதையில் தண்டவாளம் இல்லை."

அவள் என் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு விரலால் பக்கங்களை ஒவ்வொன்றாகத் தள்ளி, ஒவ்வொரு படத்தின் மூலைகளையும் உற்றுப் பார்த்து, கடைசிப் பக்கம் வரை போனாள். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பி வந்து, எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கினாள்.